சுவரெல்லாம் வெள்ளைச் சுறா

கான்ஸ்பாய் ஊருக்குள் நுழைந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைச் சுறாதான். விடுதிப் பெயர்ப்பலகையில், டீ ஷர்ட்டில், காபிக் குவளையில், நம்மை ஏற்றிப் போகிற வேனின் பக்கவாட்டில் என்று வாயைப் பிளந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. 'உலகின் வெள்ளைச் சுறாத் தலைநகரம்' என்று ஊரே தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. படங்களெல்லாம் அந்தக் காலத்தவை. கடலில்தான் இப்போது அதைக் காணோம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தென்னாப்பிரிக்கா போய்ச் சுறாக் கூண்டில் இறங்கிவிட்டு வந்தேன் என்றதும் ஆளாளுக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: "வெள்ளைச் சுறா பாத்தியா?" பார்க்கவில்லை. பார்த்தது வேறு. அதற்காகக் காசு போச்சே என்று நான் வயிறு எரியவும் இல்லை. ஏன் எரியவில்லை என்று எழுதத் தொடங்கித்தான் பதிவு இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். எந்த மாதம் போகலாம், எந்த மாத்திரை போடலாம் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "ஏட்டி, சுறாவப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போற? இங்க மார்க்கெட்டுல கெடக்குல்லா." தூத்துக்குடிக்காரி கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் வீட்டில் சுறா என்றால் புட்டு. கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, தோலின் சொரசொரப்புப் போகச் சுரண்டி, சதையை உதிர்த்து, மஞ்சள், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பொலபொலவென்று வதக்குவது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா. என் பிரசவங்களுக்கும் அம்மா செய்து போட்டிருக்கிறாள். ஆக, நான் சுறாவைச் சுரண்டியிருக்கிறேன், தின்றிருக்கிறேன், அதற்குப் பேரம் பேசியிருக்கிறேன். அது நீந்திப் பார்த்ததில்லை. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தும் உயிருள்ள சுறாவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்களைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

தம்பி கேப் டவுனில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து தென்கிழக்கே இரண்டு, இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் கான்ஸ்பாய். இருட்டோடு கிளம்பினோம். சர் லோரிஸ் கணவாய் ஏறி இறங்கி ஹெர்மானஸ் வந்தபோதுதான் வெளுத்தது. ஜூன் முதல் நவம்பர் வரை அந்த ஊரில் கரையில் நின்றபடியே திமிங்கிலம் பார்க்கலாமாம். நாங்கள் நிற்கவில்லை, படகுக்கு நேரமாகிவிட்டது.

கான்ஸ்பாயை ஒட்டிய கிளைன்பாய் என்ற சின்னத் துறைமுகத்திலிருந்துதான் சுறாப் படகுகள் கிளம்புகின்றன. முட்டையும் ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். 'உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல' என்பதை ஒரு பக்கம் முழுக்க நீட்டி எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு ஒரு பெண் வந்து விளக்கினாள். கடல் உயிரியல் படித்தவள், தம்பியைவிட வயது குறைவு. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள்: வெள்ளைச் சுறாவை எதிர்பார்க்காதீர்கள், இன்றைக்கு வந்தால் வெண்கலச் சுறா வரும். படகுக்காரர்கள் அதைச் செல்லமாக 'ப்ரான்ஸி' என்கிறார்கள். பின்வரிசையில் ஒருவர் செல்போனை நீட்டி, "உங்கள் இணையதளத்தில் இதுதானே போட்டிருக்கிறது?" என்றார். திறந்த வாய், சிவந்த ஈறு, மூன்று வரிசைப் பல். அந்தப் பெண் பாவம், சிரித்துச் சமாளித்தாள். படத்துக்கு வெகு கீழே பொடி எழுத்தில் உண்மையையும் போட்டிருந்தார்கள் என்பதைத் தம்பி காட்டினான். பொடி எழுத்தைப் படித்துவிட்டா நாம் டிக்கெட் எடுக்கிறோம்? கம்பெனியின் பெயர் வேண்டாம், இந்த வேலையைச் செய்வது அது ஒன்று மட்டுமாக இருக்காது.

வெள்ளைச் சுறாக்கள் எங்கே போயின என்பதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய கதை.

2015 வாக்கில் கேப் டவுனை ஒட்டிய ஃபால்ஸ் விரிகுடாவில் கொலைத் திமிங்கிலம் என்று சொல்கிற ஓர்காக்கள், இரண்டு ஆண்கள், தலைகாட்டின. முதுகுத் துடுப்பு ஒன்றுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொன்றுக்கு வலப்பக்கம். கப்பல் பாஷையில் இடம் போர்ட், வலம் ஸ்டார்போர்ட். அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இவை வந்துபோன இடங்களில் 'ஏழு செவுள் சுறா' என்ற இனத்துச் சுறாக்கள் கடலடியில் செத்துக் கிடந்ததை முக்குளிப்பவர்கள் பார்த்தார்கள். உடம்பு கிடந்தது, ஈரலைக் காணோம்.

அடுத்து 2017. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை கான்ஸ்பாய்ப் பக்கத்துக் கரைகளில் ஐந்து வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. மே மாத முதல் வாரத்தில் மட்டும் மூன்று. அதில் ஒன்று 4.9 மீட்டர் நீளமுள்ள பெண் சுறா. மார்புத் துடுப்புகளுக்கு நடுவே கிழிந்திருந்தது, ஈரல் போயிருந்தது. ஏன் ஈரல்? சுறாவுக்கு மற்ற மீன்களுக்கு இருக்கிற காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த ஈரல்தான் அது மூழ்கிவிடாமல் தாங்குகிறது. அதனால் ஈரல் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கும், அவ்வளவும் கொழுப்பு. சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய சுறா எண்ணெய் மாத்திரை ஞாபகம் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஓர்காவுக்கு அந்தச் சத்து போதும், மிச்சத்தைச் சீந்துவதில்லை.

செத்தவை ஐந்து. ஆனால் ஓடியவை எத்தனையோ. வெள்ளைச் சுறாக்கள் சில நாள், மிஞ்சினால் சில வாரம் காணாமல் போவது முன்பும் உண்டு. 2017-க்குப் பிறகு அது மாதக்கணக்காக நீண்டது. உடலில் கருவி பொருத்தப்பட்ட சுறாக்கள் ஓர்கா வந்த இடத்தை விட்டு விலகி ஓடியதை அலிசன் டவுனர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பின்தொடர்ந்து 2022-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் மோசல் விரிகுடாவில் ஓர்காக்கள் கூடி ஒரு வெள்ளைச் சுறாவைக் கொல்வதை ட்ரோன் படம்பிடித்தது. 2023 ஜூனில் ஸ்டார்போர்ட் ஒண்டியாளாக ஒரு குட்டிச் சுறாவைக் கொன்று ஈரலோடு போனது. இரண்டு நிமிட வேலை. குட்டி என்றால் இரண்டரை மீட்டர்.

ஸ்பீல்பெர்க் 1975-ல் 'ஜாஸ்' எடுத்து ஒரு தலைமுறையையே கடலில் கால் நனைக்கவிடாமல் செய்த பிராணி இது. அதுவே ஊரைக் காலிசெய்துகொண்டு ஓடியது என்று கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசியபோது சிரிப்பு குறைந்துவிட்டது. ஓர்காவை மட்டும் குற்றம் சொல்வதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வெள்ளைச் சுறா தின்கிற சிறு சுறாக்களைப் பல வருஷங்களாக நீளத் தூண்டில் கயிறு போட்டு அள்ளியிருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய் வறுவல் கடைகளில் மீன் துண்டாகிறது. கிழக்கே குவாசுலு-நட்டால் கரையில் நீச்சல்காரர்களைக் காக்கப் போட்ட வலைகளில் வெள்ளைச் சுறாவும் சாகிறது. இன்னொரு கட்சி, மொத்த எண்ணிக்கை குறையவில்லை, மோசல் விரிகுடா, அல்கோவா விரிகுடா என்று கிழக்கே இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான் என்கிறது. ஆளுக்கொரு கட்டுரை, அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று சண்டை ஓய்ந்தபாடில்லை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஓர்கா கதை உண்மைதான். ஆனால் அது நமக்கு ரொம்ப வசதியான உண்மை. இரண்டு பேர், பேர் வைத்தாகிவிட்டது, அடையாளமும் இருக்கிறது, வீடியோவும் இருக்கிறது. தூண்டில் கயிற்றுக்குப் பேரும் இல்லை, வீடியோவும் இல்லை.

சரி, படகுக்கு வருவோம்.

துறைமுகத்திலிருந்து வெளியே வந்ததும் வலப்பக்கம் டேஞ்சர் முனை தெரிந்தது. 1852 பிப்ரவரியில் பர்க்கன்ஹெட் என்ற பிரிட்டிஷ் துருப்புக் கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. உயிர்காக்கும் படகுகள் போதவில்லை. சிப்பாய்களை மேல்தளத்தில் அசையாமல் நிற்க வைத்துவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றி அனுப்பினார்கள். அவர்கள் பிழைத்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஆண்கள் செத்தார்கள். மூழ்கியது போகச் சுறாவுக்குப் போனவர்களும் உண்டு. 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்ற வழக்கத்தைச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கப்பலைத்தான் காட்டுவார்கள். கூண்டில் முதலில் யார் இறங்குவது என்று கேட்டபோது எங்கள் படகில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் சட்டென்று இந்த மரபைக் கடைப்பிடித்தார்கள்.

நங்கூரம் போட்டதும் வேலை தொடங்கியது. ஒருவர் பீப்பாயிலிருந்து மீன் எண்ணெயும் அரைத்த மீனும் கடல்தண்ணீரும் கலந்த கூழை மொண்டு மொண்டு ஊற்றினார். 'சம்' என்கிறார்கள். அதன் வாசனை பற்றித் தூத்துக்குடிக்காரியான எனக்குப் புகார் இல்லை. மற்றவர்கள் முகம் வெளிறியது. இன்னொருவர் சூரை மீன் தலையைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் போட்டார். பக்கத்திலேயே சீல் வடிவத்தில் வெட்டிய ஒரு பலகையும் மிதந்தது, கீழேயிருந்து பார்க்கும் சுறாவை ஏமாற்ற. பிறகு காத்திருப்பு. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், நின்ற படகில் அலை தூக்கிப் போடும்போது நேரத்துக்கு அர்த்தமில்லை. ஓடுகிற படகில் வராத குமட்டல் நிற்கிற படகில் வரும். தம்பி, புக்கிங் செய்தவன், "பயமா இருந்தா சொல்லுக்கா" என்று காரில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவன், படகின் பின்கம்பியைப் பிடித்துக் குனிந்தவன் நிமிரவில்லை. "அக்கா, நீ போய்ட்டு வா. நான் இங்க இருந்தே பாத்துக்கறேன்." அவன் பார்த்துக்கொண்டிருந்தது பக்கெட்டை.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஊர் டர்பன். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டத்து வேலைக்கு மதராஸிலிருந்து கப்பலேறியவர். 1860-லிருந்து அப்படிப் போனவர்களின் வம்சம் அங்கே பெரிது. பாட்டியோடு வீட்டில் தமிழ்ப் பேச்சு முடிந்துவிட்டது, சமையல் பெயர்கள் மட்டும் மிச்சம் என்றார். சுறா பற்றி அவரிடம் கதை நிறைய இருந்தது. 1957 டிசம்பரில் தொடங்கி நட்டால் தென்கரையில் வரிசையாகச் சுறாக்கடி. விடுமுறைக் கூட்டம் அலறிக்கொண்டு காலியானதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அவர். டர்பனில் அதற்கு முன்பே, 1952-லேயே, வலை போட்டாயிற்று. வலை என்றதும் நான் குளிக்கிற இடத்தைச் சுற்றி வேலி கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லையாம். கரைக்கு எட்ட, துண்டு துண்டாகத் தொங்குகிற செவுள் வலைகள். சுறா அதைச் சுற்றிக்கொண்டும் வரலாம், அடியில் புகுந்தும் வரலாம். பக்கத்தில் வருவதைப் பிடித்துக் கொன்று எண்ணிக்கையைக் குறைப்பதுதான் அதன் வேலை. ஆமையும் டால்ஃபினும்கூடச் சிக்கும். "இது தெரியாமலே அறுபது வயசு வரைக்கும் குளிச்சுட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

"ப்ரான்ஸி!" என்று மேல்தளத்திலிருந்து கத்தினார்கள்.

வெட்சூட்டுக்குள் நுழைவதே ஒரு மல்யுத்தம். ஏழு மில்லிமீட்டர் தடிமன், முந்தின ஆள் கழற்றிப்போட்ட ஈரம் அப்படியே இருந்தது. காலுக்குப் பூட்ஸ், தலைக்குக் குல்லாய், முகத்துக்கு மாஸ்க், தோளில் ஈயக்கட்டி கோத்த பட்டை. முதுகில் சிலிண்டர் எதுவும் இல்லை. கூண்டு நடுக்கடலுக்குள் இறங்கும், நாம் ஆழத்தில் தொங்குவோம் என்றுதான் நானும் சினிமா பார்த்துக் கற்பனை செய்திருந்தேன். உண்மையில் அது படகின் விலாவோடு கட்டிய நீளமான இரும்புக் கூடு. மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே நிற்கும். ஆறு பேர் வரிசையாக, தலையை வெளியே வைத்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் தொங்க வேண்டியது. மேலே நிற்பவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கத்துவார்: "டௌன்! லெஃப்ட்!" உடனே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்கம்பியை அழுத்தி, கால் நுனியைக் கீழ்க்கம்பியில் மாட்டி முங்க வேண்டும். வெளிக்கம்பியில் மட்டும் விரல் போகக் கூடாது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. மூச்சைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

தண்ணீர் 14 டிகிரி. வங்காள விரிகுடாவில் குளித்தவளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதலில் கழுத்துவழியாக ஒரு கோடாக இறங்கி முதுகுத்தண்டில் நின்றது. 'ஐயோ' என்று சொல்ல நினைத்தேன், தாடை அசையவில்லை.

முதல் சில முங்கல்களில் வெறும் பச்சை. தெளிவு மூன்று நான்கு மீட்டர் இருந்திருக்கும். அவர் இடது என்று கத்த, நான் இடது பார்க்க, பக்கத்துப் பையன் என் வலது விலாவில் இடித்துக் கையைக் காட்டுவான். திரும்புவதற்குள் வால் மட்டும் கலங்கலில் கரையும். மேலே வந்து மூச்சு வாங்கும்போதுதான் பயம் வந்தது, முங்கியிருந்தபோது இல்லை. தலை வெளியே, உடம்பு உள்ளே, கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத அந்த நேரம். 'ஜாஸ்' எடுத்தவர்கள் சுறாவை முதல் ஒரு மணி நேரத்துக்கு ஏன் காட்டவில்லை என்பது உடம்புக்குப் புரிந்தது.

அப்புறம் அது வந்தது. அவர்கள் சொன்ன திசையிலிருந்து இல்லை. நேர் கீழேயிருந்து, என் முட்டிக்குக் கீழிருந்து சாய்ந்து ஏறி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் முழு நீளத்தையும் காட்டிக்கொண்டு போனது. இரண்டரை மீட்டருக்குக் குறையாது. வாய் மூடியிருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் பார்த்திருந்த எல்லாப் படங்களிலும் சுறாவுக்கு வாய் திறந்தேதான் இருக்கும். மூடிய வாயோடு அதற்கு வேறு முகம். எங்கேயோ வேலையாகப் போகிற ஆளின் முகம்.

நிறம் பற்றிச் சொல்ல வேண்டும். கலங்கலில் இருக்கும்போது சாம்பல். மேலே வரவர, வெயில் விழுகிற இடத்தில் முதுகு முழுக்கத் துலக்கிய பித்தளைக் குத்துவிளக்காக மின்னியது. திரும்பும்போது அந்த மினுக்கம் தலையிலிருந்து வால்வரை ஓடியது. தோல் வழுவழுவென்று தெரிந்தது. நான் சுரண்டித் தள்ளிய அதே தோல். சுறாவுக்குச் செதில் என்பதே குட்டிக் குட்டிப் பற்கள், தலையிலிருந்து வால் பக்கம் சாய்ந்து முளைத்தவை. தண்ணீரை அணைத்து வழிவிடுவதற்காக இருப்பவை. அடுக்களையில் வெந்நீர் ஊற்றி எதை உரிக்கிறோம் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

அது சூரைத் தலையைக் கவ்வப் போனபோது கண்ணை மூடியது. கீழிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு ஏறிக் கண்ணை மறைத்தது. வெள்ளைச் சுறாவுக்கு இந்தச் சவ்வு கிடையாது, அது விழியையே பின்னுக்கு உருட்டிக்கொள்ளும். மேலே நின்றவர் சரியாக அதே நேரம் கயிற்றை வெட்டி இழுத்தார். தலை தப்பியது. சுறா திரும்பிய வேகத்தில் மூக்கால் கூண்டை இடித்தது. கம்பி வழியாக அந்த அதிர்வு என் உள்ளங்கையில் வந்து நின்றது. கோபத்தில் முட்டியது என்றுதான் நினைத்தேன். மேலே ஏறிய பிறகு அந்தப் பெண் விளக்கினாள்: சுறாவின் மூக்கைச் சுற்றி மின்சாரத்தை உணரும் நுண்துளைகள் உண்டு. லோரன்ஸினி என்ற இத்தாலியர் 1678-லேயே அவற்றை விவரித்து எழுதியிருக்கிறார், எதற்கு என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இரையின் தசை அசைவில் பிறக்கிற மிக மெல்லிய மின்புலத்தைக்கூட அவை பிடித்துவிடும். உப்புத் தண்ணீரில் கிடக்கிற உலோகமும் லேசாக மின்சாரம் கசிய விடும். கண்ணை மூடிக்கொண்ட கடைசி நொடியில் சுறா இந்த உணர்வை நம்பித்தான் வருகிறது. இரைக்கும் இரும்புக்கும் நடுவே குழம்பிவிடுகிறது. 'சுறா கூண்டைத் தாக்கியது' என்று யூடியூபில் ஓடுகிற வீடியோக்களில் சிலவாவது இப்படித்தான் இருக்கும்.

அதன் பிறகு இரண்டு மூன்றாக வரத் தொடங்கின. ஒரு முறை எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்க, கூண்டுக்கு அடியில் ஒரு பெரிய திருக்கை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அகலம், அவசரமே இல்லாமல் கடந்து போனது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். யாரும் கத்தவில்லை.

கூண்டிலிருந்து ஏறியபோது விரல் மடங்கவில்லை. சூடான சாக்லேட் கொடுத்தார்கள். செல்போன் நீட்டிய மனிதர் இரண்டாவது முறையும் இறங்கினார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சரி, இப்படிக் கூழ் ஊற்றிச் சுறாவை வரவழைப்பது நியாயமா? போய்வந்ததிலிருந்து என் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்குப் பழைய கோபம் உண்டு: படகையும் மனிதனையும் சாப்பாட்டோடு சேர்த்துப் பழக்கிவிடுகிறீர்கள் என்று. தென்னாப்பிரிக்காவில் இதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, இரையைக் காட்டலாம், ஊட்டக் கூடாது. அதனால்தான் அந்தக் கயிறு இழுப்பு. இலை போட்டு, பரிமாறுவதாகப் பாவனை காட்டி, இலையை உருவுகிற வேலை. எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் உலகத்தில் வெள்ளைச் சுறாவை முதலில் சட்டம் போட்டுக் காத்த நாடும் இதுதான், 1991-ல். செத்த சுறாவுக்கு ஒருமுறை விலை. உயிருள்ள சுறாவுக்குத் தினம் இரண்டு படகு நிறைய டிக்கெட். கான்ஸ்பாய் போன்ற மீன்பிடி ஊருக்கு அந்தக் கணக்கு புரிந்ததால்தான் 2017-ல் கரை ஒதுங்கிய சடலங்களைப் பார்த்து ஊரே கவலைப்பட்டது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுறாவிடம் சீண்டாமல் கடிபடுகிறவர்கள் ஏறக்குறைய அறுபது எழுபது பேர். சாவு அதில் சிலது. நாம் பிடித்துக் கொல்கிற சுறா, ஆய்வாளர்கள் மதிப்பீட்டில், ஆண்டுக்கு 8 கோடியிலிருந்து 10 கோடி. இந்தப் பட்டியலில் அம்மாவின் சட்டியும் உண்டு. "முன்ன மாதிரி பெருசு எங்கட்டி வருது?" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

திரும்பும் வழியில் படகை டையர் தீவுக்கும் கைசர் பாறைக்கும் நடுவே விட்டார்கள். 'சுறாச் சந்து' என்று தொலைக்காட்சிக்காரர்கள் புகழ்பாடிய கால்வாய் இதுதான். பாறையில் ஆயிரக்கணக்கில் சீல்கள், அறுபதாயிரம் வரை இருக்கும் என்கிறார்கள். காற்று மாறியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. இந்த முறை நானும் மூக்கைப் பொத்தினேன். வெள்ளைச் சுறாக்கள் இருந்த காலத்தில் இந்தக் கால்வாயில் இறங்குவது சீலுக்கு உயிரைப் பணயம் வைப்பது. இப்போது கும்பலாக மல்லாந்து கிடந்து, துடுப்பை வெயிலில் காயப்போட்டுக்கொண்டு, எங்களை வேடிக்கை பார்த்தன. ஃபால்ஸ் விரிகுடாவில் இருபது ஆண்டுக்கு மேல் எடுத்த கணக்கு 2025-ல் கட்டுரையாக வந்திருக்கிறது. வெள்ளைச் சுறா போனதும் சீலும் ஏழு செவுள் சுறாவும் பெருகின. அவை தின்கிற மீன்களும் சிறு சுறாக்களும் குறைந்தன. நான் கூண்டிலிருந்து பார்த்த வெண்கலச் சுறாக்களும் இப்படிக் காலியான இடத்துக்கு வந்தவைதான். பெரியவர் இருந்தபோது இவையே அவருக்கு இரை.

எதிரே டையர் தீவில் ஆப்பிரிக்கப் பெங்குவின்கள். எழுபதுகளில் இருபதாயிரம் ஜோடிக்கு மேல் இருந்த இடம், இன்று ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. அவை தின்கிற மத்தியும் நெத்திலியும் படகுகளுக்குப் போய்விடுகின்றன. 2024-ல் இந்த இனத்தை அழிவின் விளிம்பு என்ற கடைசிப் படிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பெங்குவின் பார்க்கப் பணம் கொடுத்து வந்தவர் எங்கள் படகில் யாரும் இல்லை. அதனால் அங்கே நின்றது கொஞ்ச நேரம்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். அது அவர்களுக்குக் குளிர்காலம், கடலும் கொந்தளிக்கும், படகு ரத்தாகும் நாட்களும் அப்போதுதான் அதிகம். அதனால் கேப் டவுனில் கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள். வாந்தி மாத்திரையை முந்தின இரவே ஒன்று, காலையில் ஒன்று என்று டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை, தம்பி சாட்சி. வெறும் வயிற்றோடு போகவே போகாதீர்கள். கூண்டுக்குள் கேமரா வேண்டாம். திரையைப் பார்க்கிற கண் சுறாவைப் பார்க்காது, அவர்களே எடுத்து விற்கிறார்கள். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது முகப்புப் படத்தைப் பார்க்காதீர்கள். தினமும் என்ன வந்தது என்று எழுதிப் போடுகிற கம்பெனிகள் இருக்கின்றன. போன வாரப் பதிவைப் படியுங்கள். அது இல்லாவிட்டால் போன் செய்து, "நேற்று என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.

இல்லை, எனக்கு வெள்ளைச் சுறாதான் வேண்டும் என்பவர்களுக்கு: மெக்சிகோவின் குவாடலூப் தீவு தெளிந்த தண்ணீருக்குப் பேர்போனது. 2023 ஜனவரியில் அங்கே சுறாச் சுற்றுலாவையே அரசு நிறுத்திவிட்டது. மிச்சமிருப்பவற்றில் எளிதில் போகக்கூடியது தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகள், போர்ட் லிங்கன் ஊரிலிருந்து படகு. வெள்ளைச் சுறா பார்க்கக் கூண்டு கட்டி இறங்கும் பழக்கமே அந்தக் கரையில் தொடங்கியதுதான். ராட்னி ஃபாக்ஸ் என்பவரை 1963-ல், மீன் ஈட்டிப் போட்டியின்போது, வெள்ளைச் சுறா விலாவோடு கவ்வியது. நூற்றுக்கணக்கில் தையல் போட்டுப் பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருந்தாரா, கூண்டு ஒன்றைச் செய்து அதற்குள் உட்கார்ந்து, மறுபடி அதையே பார்க்கப் போனார்.

நான் நெப்டியூனுக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டேன். தம்பி வரவில்லையாம்.